பெயர் அதே, பலகை புதுசு: குறைந்த செலவில் ஒரு சிறு கடையின் அடையாளம்

புதுக்கோட்டை கீழராஜவீதியில் நின்றுகொண்டு, ஒரு கடையின் பெயரைப் பலகையில் உள்ளபடியே சொல்லி வழி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. “பச்சைக் கதவுக் கடையா?”, “வேப்பமரத்தடியில இருக்கே, அதுவா?”, “கண்ணாடி போட்ட பெரியவர் கல்லாவுல உக்காந்திருப்பாரே, அந்தக் கடையைச் சொல்றீங்களா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடாத குறையாக வழி சொல்வார்கள். பலகையில் எழுதியிருப்பது கடையின் பெயர். ஊர் வாயில் இருப்பது அந்தக் கடையின் அடையாளம். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிராண்டு என்று வணிகக் கல்லூரிகளில் சொல்லப்படுவது இந்த இரண்டாவதைத்தான். நான் அதை இங்கே அடையாளம் என்றே சொல்கிறேன். அப்பா நடத்திய கடையை மகனோ மகளோ கையில் எடுக்கும்போது, ‘இதைக் கொஞ்சம் புதுசாக்கணும்’ என்ற எண்ணம் வருவது இயல்பு. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், பொன்னமராவதி, கறம்பக்குடி என்று இந்த மாவட்டத்தின் எந்தக் கடைத்தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. கையில் இருக்கும் பணமோ சொற்பம். அந்தப் பணத்தை எதில் போடுவது, எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்ற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

எனக்கு இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து வந்ததில்லை. எங்கள் உறவில் ஒருவர் அறந்தாங்கிப் பக்கம் பலகாரக் கடை வைத்திருந்தார். சிவப்பு அட்டைப்பெட்டி, அதன் மேல் மஞ்சள் எழுத்து, மூலையில் ஒரு குத்துவிளக்கு. கோயம்புத்தூரில் படித்துத் திரும்பிய மகன், கடன் வாங்கி முகப்பு முழுவதையும் அலுமினிய ஏசிபி சீட்டால் மூடினான். தாத்தா பெயர் போய் ஆங்கிலத்தில் இரண்டு சொல் வந்தது. பெட்டி கறுப்பானது. திறந்த மூன்றாம் நாள், முப்பது வருஷமாக அதிரசம் வாங்கிப்போகும் ஓர் அப்பத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. “என்னப்பு, கடை கை மாறிப்போச்சா?” என்று கேட்டார். “இல்ல அப்பத்தா, நாங்கதான்” என்றான் அவன். அவர் நம்பினார். ஆனால் வந்து கேட்காமலே போனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? அந்த வருஷம் தீபாவளி ஆர்டர் கண்ணில் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. அதே மாஸ்டர், அதே நெய், அதே பாகு.

நம் ஊர்களில் புதுப் பலகைக்கு ஒரே ஒரு பொருள்தான்: முதலாளி மாறிவிட்டார். இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எந்தப் புதுப்பிப்பும் காசு கொடுத்து வாடிக்கையை விரட்டுவதாகவே முடியும். பெரிய ஊர்களில் புதுமை என்றால் வளர்ச்சி. சின்ன ஊரில் பெயரும் நிறமும் ஒரேயடியாக மாறினால் சந்தேகம் வரும்.

இது புதுக்கோட்டைக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. 2010-இல் மைக்கேல் வால்ஷ், கேரன் வின்டரிச், விகாஸ் மிட்டல் ஆகிய மூவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற விளையாட்டுக் காலணி நிறுவனங்களின் லோகோவை மாற்றிக் காட்டி மக்களின் எண்ணத்தைக் கேட்டார்கள். அந்த நிறுவனத்தின் மேல் பற்று அதிகம் உள்ளவர்களுக்குத்தான் மாற்றம் பிடிக்கவில்லை. பற்றில்லாதவர்கள் அதை வரவேற்கவே செய்தார்கள். நம் கணக்கில் பெயர்த்தால், தினமும் வருகிறவர் முகம் சுளிப்பார், வழியோடு போகிறவர் எட்டிப் பார்ப்பார். சிறு கடைக்குச் சோறு போடுகிறவர் முன்னவர்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2009-இல், ட்ராபிகானா என்ற ஆரஞ்சுச் சாறு நிறுவனம் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் குத்தியிருக்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிக் குவளையில் சாறு இருக்கும் படத்தைப் பெட்டியில் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. கடையில் அடுக்கியிருந்த பெட்டிகளுள் தங்கள் பெட்டி எது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. பழைய படம் திரும்பி வந்தது. பெப்சி போன்ற தாய் நிறுவனம் அந்த அடியைத் தாங்கும். ஆலங்குடி மளிகைக் கடை தாங்குமா?

அப்படியானால் எதையும் மாற்றாமலே இருந்துவிடலாமா? அதுவும் கூடாது. வெளுத்துப்போன ஃப்ளெக்ஸ், எழுத்து உதிர்ந்த பலகை, செயல்படாத தொலைபேசி எண் எல்லாம் சேர்ந்து ‘இவர்கள் கடையை மூடப்போகிறார்கள்’ என்று சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள எரன்பெர்க்–பாஸ் ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது ஒன்றுண்டு. ஒரு நிறம், ஒரு வடிவம், ஓர் எழுத்து முறை, ஓர் ஓசை என்று மக்கள் மனதில் ஏற்கெனவே பதிந்தவைதான் ஒரு வணிகத்தின் சொத்து, அவற்றைக் கண்டுபிடித்துக் காப்பாற்று என்கிறார்கள். அவர்கள் படித்தது பெரும்பாலும் உலகப் பெரு நிறுவனங்களை. ஆனாலும் பச்சைக் கதவுக் கடைக்கு அது அப்படியே பொருந்துகிறது. கதவு தூசி படிந்திருந்தால் துடைக்கலாம், மறுபடியும் பச்சையே அடிக்கலாம். நீலம் அடிக்கக் கூடாது.

இந்த மண்ணிலேயே இதற்கு அருமையான ஒரு முன்னோடி இருக்கிறது. தொண்டைமான் அரசர்கள் காலத்தில் புதுக்கோட்டைக்கென்று தனிக் காசு இருந்ததைப் பலரும் அறிவார்கள். அம்மன் காசு. சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கில் எழுதியிருக்கும். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுக்கப்பட்டது. முதலில் கையால் அடித்த காசு அது. வட்டம் சரியாக இருக்காது, அம்மன் உருவம் பாதி வெட்டுப்பட்டும் கிடக்கும். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1889-இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். ஓரம் நேரானது, உருவம் தெளிவானது. ஆனால் அதே அம்மன், அதே ‘விஜய’, அதே சிறு வட்டம். கோயில் வாசலில் கையேந்தி வாங்கிய கிழவிக்கு அது அம்மன் காசுதானா என்ற ஐயம் வந்திருக்க வழியில்லை. புதுப்பித்தல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த மேலாண்மை நூலிலும் பார்த்ததில்லை.

ஆகவே முதல் வேலைக்குப் பணமே தேவையில்லை. பத்து வாடிக்கையாளர்களிடம், “நம்ம கடையை வேற ஒருத்தருக்கு எப்படி அடையாளம் சொல்லுவீங்க?” என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கு மேல் ஒரே பொருளைச் சொன்னால், அது உங்கள் குத்துவிளக்கு. அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது வேலைக்கு அரை நாள் வேண்டும். போன ஆண்டு ஒரு மளிகைக் கடைக்காரரோடு உட்கார்ந்து இதைச் செய்தேன். கடைப் பெயர் அச்சிட்ட எல்லாவற்றையும் ஒரு கயிற்றுக் கட்டிலில் பரப்பச் சொன்னேன். பில் புத்தகம், கட்டைப்பை, தினசரி காலண்டர், விசிட்டிங் கார்டு, மிளகாய்த்தூள் பாக்கெட்டின் ஸ்டிக்கர், ரப்பர் ஸ்டாம்பு, க்யூஆர் அட்டை, பலகையின் படம். எட்டுப் பொருள். பெயர் நான்கு விதமாக இருந்தது. ஒன்றில் ‘ஸ்ரீ’, ஒன்றில் ‘திரு’, ஒன்றில் தாத்தாவின் இனிஷியல் இல்லை, ஒன்றில் ‘ஸ்டோர்’ என்பது ‘ஸ்டோர்ஸ்’ ஆகியிருந்தது. மூன்று தொலைபேசி எண்கள், அதில் ஒன்று இறந்துபோன பெரியப்பாவுடையது. க்யூஆரில் பணம் அனுப்பினால் திரையில் வருவது கடைப் பெயர் இல்லை, அவருடைய மனைவியின் பெயர். “அண்ணே, இத்தனை வருஷமா இப்படியா ஓடிக்கிட்டு இருக்கு?” என்று அவரே திகைத்துப்போனார். எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே எண் என்று முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டினோம். இனி எந்த அச்சகத்துக்குப் போனாலும் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியதுதான். அன்றைய செலவு இரண்டு டீ.

பெயர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றும் ஆசையை முடிந்தவரை விட்டுவிடுங்கள். வாடிக்கை போவது ஒருபுறம் இருக்க, ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, சிறுதொழிலுக்கான உத்யம் சான்று, வங்கிக் கணக்கு, உள்ளாட்சி உரிமம் என்று வரிசையாக மாற்ற வேண்டியிருக்கும். ஜிஎஸ்டியில் விவரம் மாறினால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். லோகோவையோ எழுத்தையோ திருத்துவதற்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. ‘ஸ்டோர்’ என்பதை ‘மார்ட்’ என்று மாற்றுவதால் ஒரு ரூபாய் கூடுதலாக விற்காது என்பது என் உறுதியான எண்ணம். அவ்வளவு பெரிய மாற்றம் தவிர்க்கவே முடியாதது என்றால், குறைந்தது ஒரு வருஷமாவது பழைய பெயரையும் கூடவே எழுதுங்கள்.

ஊர்ப் பெயர் இலவசமாகக் கிடைக்கும் மூலதனம். இந்த மாவட்டத்துக் கொடும்பாளூரில் இருந்த வணிகக் குழுவைக் கல்வெட்டுகள் கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்று ஊரோடு சேர்த்தே குறிப்பிடுகின்றன. ஊரின் பெயரே நம்பிக்கையின் பெயராக இருந்த காலம் அது. இன்று கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் ஆதனக்கோட்டையைப் பாருங்கள். தஞ்சாவூர் சாலையில் போகிற எந்த வண்டியும் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். கண்ணை எரிக்கும் புகைக்கு நடுவில் பெண்கள் முந்திரிக் கொட்டையை வறுக்கிறார்கள். கொட்டையின் எண்ணெய் கக்கித் தீ மேலே எழும். வறுத்ததை ஒவ்வொன்றாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க விரல்களுக்குப் பல வருஷப் பழக்கம் வேண்டும். அந்தப் பருப்பின் சுட்ட மணம் இயந்திரத்தில் உடைத்ததில் வராது. அவ்வளவு உழைப்பும் பெயரில்லாத ஒரு பொட்டலத்தில் போய்விடுகிறது. சென்னையில் அதைத் தின்று ருசித்தவருக்கு மறுபடி யாரிடம் கேட்பது என்று தெரியாது. உள்ளங்கை அகல ஸ்டிக்கர் ஒன்று, அதில் ‘ஆதனக்கோட்டை – விறகடுப்பில் வறுத்தது’ என்ற வரி, வறுத்த பெண்ணின் பெயர், ஒரு வாட்ஸ்அப் எண். இது போதும். கீரமங்கலம் பூவும் வடகாடு பலாவும் இதே நிலையில்தான் ஊர் தாண்டிப் போகின்றன.

பொருளைச் செய்தவரின் பெயரைச் சொல்வது எவ்வளவு வலுவானது என்பதை 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் காட்டியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் பெருஞ்சுணையில் பிறந்த உ. சகாயம் 2012 முதல் 2014 வரை அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தார். பழைய சரக்கு, மங்கிய கடை என்ற பெயர் அந்த நிறுவனத்துக்கு ஏறியிருந்தது. பட்டாம்பூச்சி முத்திரையை அவர்கள் மாற்றவில்லை. பொங்கலுக்கு முன் ஜனவரி 6-ஐ வேட்டி தினம் என்று அறிவித்து, இளைஞர்களை வேட்டி கட்டச் சொன்னார்கள். கல்லூரிகளும் அலுவலகங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் பெயரும் படமும் அச்சிட்ட அட்டை வைக்கும் வழக்கமும் கோ-ஆப்டெக்ஸில் வந்தது. அட்டையின் விலை சேலை விலையில் எத்தனையில் ஒரு பங்கு? ஆனால் சேலையை விரித்துக் காட்டும்போதெல்லாம் அந்த அட்டையும் பேசும்.

அதற்கும் முன்பே, 1991-இல், எளிய வழிகளிலேயே ஓர் எண்ணத்தை மாவட்டம் முழுக்கப் பரப்பிக் காட்டிய ஊர் இது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைச் சொல்கிறேன். சுவரெழுத்து, பாட்டு, சைக்கிள் ஓட்டும் பெண்கள். இந்த மூன்றையும் திரும்பத் திரும்ப, அதே சொற்களில், எல்லா ஊரிலும் சொன்னார்கள். சைக்கிளில் போகும் பெண் என்பதே அந்த இயக்கத்தின் முத்திரையாக நின்றுவிட்டது. அச்சிட்ட லோகோ யாருக்கு நினைவிருக்கிறது?

இனிப் பலகைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழிக்கு இரண்டு என்பது அரசின் அளவு. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் தங்கள் பதிவு எண்ணை நுழைவாயில் பலகையில் எழுத வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பலகை செய்தால் மறுபடியும் செலவு.

ஃப்ளெக்ஸ் மலிவு. ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், முதலில் போவது சிவப்பு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைக் கடந்தபோது கிழிந்து பறந்தவற்றை ஊரே பார்த்தது. தகரப் பலகையில் எனாமல் பெயின்டால் கையெழுத்தாக எழுதியது பல வருஷம் நிற்கும், மங்கினால் அதன் மேலேயே மறுபடி எழுதலாம். போர்டு எழுதும் ஓவியர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் சுண்ணாம்பு அடிக்கவும் சாமி சிலைக்கு வர்ணம் பூசவும் போய்விட்டவர்கள் அவர்கள். குளமங்கலம் அய்யனார் கோயிலின் அந்தப் பெரிய குதிரையை நிமிர்ந்து பார்த்து வளர்ந்த கைகளுக்கு, எட்டடிப் பலகை ஒரு பொருட்டா? கூப்பிட்டுக் கேளுங்கள். ஒருவர் கையில் பிறந்த எழுத்து வேறு எந்தக் கடையிலும் இருக்காது. அதைப் படம் எடுத்து பில்லிலும் பையிலும் அப்படியே போட்டால், காசு கொடுத்து லோகோ வரையச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்று. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் எழுதிய பலகைகளில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு இருக்கும். உங்கள் கடையில் அப்படி ஒரு பலகை பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கடையின் வயதுக்கு அதுவே சான்று. கழுவித் துடைத்து உள்ளே கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள். வெளியே புதுப் பலகை இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் கை மாறவில்லை என்று அது சொல்லிவிடும்.

கணினியில்தான் செய்வேன் என்பவர்களுக்கும் வழியிருக்கிறது. முக்தா மலர், மீரா இனிமை, பாலூ தம்பி, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனார், பவனம் போன்ற எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சகத்துக் கணினியில் எப்போதும் இருக்கும் அதே இரண்டு எழுத்துருவில் ஊரெல்லாம் ஒரே முகமாக நிற்க வேண்டியதில்லை. ஒன்றைத் தேர்ந்து அதையே எங்கும் போடுங்கள்.

பலகையைவிட வலுவானது வாடிக்கையாளர் கையோடு வீட்டுக்குப் போகும் பொருள். பலகை கடையை விட்டு நகராது, பை ஊர் சுற்றும். தமிழனுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலிருந்து ஜவுளிக்கடை மஞ்சப்பை வரை நாம் பார்த்து வளர்ந்ததுதான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. ஒரு துணிப்பையில் ஒற்றை நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிப்பதுதான் இன்று ஒரு சிறு கடை செய்யக்கூடிய மிகச் சிக்கனமான விளம்பரம். அடுத்த ஒரு வருஷம் அது பேருந்திலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் உங்கள் பெயரைச் சுமக்கும். பை தடிமனாக, கைப்பிடி அறுந்துபோகாமல் இருக்கட்டும். அறுந்த பையும் உங்கள் பெயரைத்தான் சொல்லும்.

அட்டைப்பெட்டிக்கு சிவகாசியில் ஆர்டர் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் அடிக்கச் சொல்வார்கள். அவ்வளவு வேண்டாம். வெறும் பழுப்புப் பெட்டி அல்லது காகிதப் பை வாங்கி, நல்ல ரப்பர் ஸ்டாம்பு ஒன்றால் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் முத்திரை குத்துங்கள். நேராகக் குத்தினால் அதன் அழகே தனி. பாக்கெட் போட்ட உணவுப் பொருளுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த நாள், எதுவரை உண்ணலாம், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். புது லேபிள் அடிக்கும் முன் இதைச் சரிபார்க்காதவர்கள் கட்டுக்கட்டாக ஸ்டிக்கரைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

கைப்பேசி வேலைகளுக்குப் பணமில்லை, நேரம்தான். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்த்து, திறக்கும் நேரம், ஒரே எண், பகல் வெளிச்சத்தில் எடுத்த ஐந்து படம் போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலையோடு சரக்குப் பட்டியல் வைக்கலாம். க்யூஆரை வணிகக் கணக்காக மாற்றினால் பணம் அனுப்புகிறவர் திரையில் கடைப் பெயர் வரும். தினம் நூறு பேர் பார்க்கிற பலகை அது.

பெயருக்குக் காப்பு வேண்டாமா? ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை’ என்று பலகையில் எழுதி வைக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் யாரோ பெயரைத் திருடிய வலி இருக்கும். 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி பெயரையும் லோகோவையும் பதிவு செய்யலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு அது 9,000. பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பலகாரம், மாவு, மசாலா எல்லாம் 30-ஆம் வகை, எண்ணெயும் பதப்படுத்திய முந்திரியும் 29, உணவகம் 43. விண்ணப்பித்ததும் டி.எம். என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் பதிவு கிடைக்கும் முன் போட்டால் குற்றம். பதிவு செய்யாதவரும் தன் பெயரைப் பிறர் பயன்படுத்துவதை எதிர்த்து வழக்குப் போடலாம். அப்போது முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதே கேள்வி. தாத்தா காலத்து பில், தேதியிட்ட காலண்டர், பழைய நோட்டீஸ் எல்லாம் அங்கே சாட்சி சொல்லும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது அவற்றைக் கொளுத்திவிடாதீர்கள்.

அரசின் கை கொடுக்கும் இடங்களும் உண்டு. உத்யம் பதிவு இலவசம். மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன்களைக் கேட்கலாம். உணவுப் பொருள் செய்கிறவர்களுக்கு 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் கொடுத்தார்கள்; அது இப்போதும் தொடர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள் தனி லோகோவுக்கு அலையாமல் ‘மதி’ என்ற பொதுப் பெயரின் கீழ் விற்கலாம். ஆனால் எந்த மானியமும் உங்கள் பெயரை ஊர் வாயில் கொண்டுபோய் வைக்காது.

முப்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் இப்படிச் செலவழிப்பேன். முதலில் 4,500 ரூபாயை வணிகக் குறிக்கு எடுத்து வைப்பேன். பாதிக்குச் சற்றுக் குறைவாகத் துணிப்பைக்கும் காகிதப் பைக்கும் ஸ்டாம்புக்கும். கால் பங்கு, ஊர் ஓவியரைக் கூப்பிட்டுப் பழைய நிறத்திலேயே பலகையைத் திருப்பி எழுத. மிச்சத்தில் கடைக்குள் வெளிச்சம். இரண்டு நல்ல விளக்கும் துடைத்த கண்ணாடி அலமாரியும் இல்லாமல் எந்தப் பலகையும் எடுபடாது. விளம்பரத்துக்கென்று ஒரு பைசாவும் ஒதுக்க மாட்டேன்.

அறந்தாங்கிப் பலகாரக் கடைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறு வருஷம் ஆடியில் அந்தப் பையன் பெட்டியை மறுபடி சிவப்பாக்கினான். குத்துவிளக்கு வந்தது, முன்பைவிடத் தெளிவாக. பலகையில் தாத்தா பெயர் மேலே, ஆங்கிலப் பெயர் கீழே சிறிதாக. ஏசிபி சீட்டை எடுக்கவில்லை, அதற்கு வாங்கிய கடன் இன்னும் அடைபடவில்லை. அந்தக் கடன் நான் சொன்ன முப்பதாயிரத்தைப் போல ஐந்து மடங்கு.

நாளைக் காலை கடையைத் திறக்கும் முன், எதிர்ச் சாரியில் போய்ப் பத்து நிமிஷம் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். பக்கத்தில் பேருந்துக்கு நிற்கும் யாரோ ஒருவரிடம், “அது யாரு கடைங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு, பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.